வீராணம் கரையோரம்: மிதிவண்டியில் சில நாட்கள்



பூமியில் பயணம் செய்து, கண்டு, சிந்திக்குமாறு திருக்குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நமக்கு ஏவியிருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்து முஸ்லிம்கள் பயணத்துக்குச் சளைத்தவர்கள் அல்லர். லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் ஆயங்குடியிலும் கொள்ளுமேட்டிலும் துபையையோ சிங்கப்பூரையோ கோலாலம்பூரையோ அறியாத வீடு அரிது. ஆனால் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் ஏரியைப் பேருந்தின் சன்னல் வழியாக அன்றி வேறு எவ்வாறு பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விடை தேடத்தான் வேண்டும். விடுமுறையில் வரும் மகனும் மருமகனும் வாடகைக் காரில் ஏரிக்கரையைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஓர் ஏரியைக் கடக்கலாம், காண இயலாது.

ஆகவே உங்களை மிதிவண்டியில் அழைத்துச் செல்லப்போகிறேன். விலை உயர்ந்த பந்தய வண்டி எதுவும் வேண்டாம். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நிலம் உள்ளங்கை போலச் சமமானது. கியர் இல்லாத சாதாரண வண்டியே போதும். ஒரு கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு போத்தல் தண்ணீர், தலைக்கு ஒரு தொப்பி அல்லது துண்டு. ஓட்டுவதற்கு முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துப் பார்த்தார். 1888 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். காற்றடைத்த டயர் உலகின் வழக்கத்துக்கு வந்தது அதன் பிறகுதான்.

அந்த நாட்டார் மிதிவண்டிக்குக் காட்டும் மரியாதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் வெஸ்ட்போர்ட் ஊரிலிருந்து அக்கில் தீவு வரை ஓடிய இரயில் பாதை 1937 இல் மூடப்பட்டது. அந்தப் பழைய தடத்தையே 42 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டிக்கும் கால்நடையாகச் செல்வோருக்கும் உரிய பாதையாக்கி 2011 இல் திறந்துவிட்டார்கள். ஒருபுறம் கடலும் மறுபுறம் மலையும் பார்த்தவாறு குடும்பத்தோடு அதில் செல்கிறார்கள். நம் வீராணம் கரையும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன்மேல் ஒரு முழம் அகலமேனும் மிதிவண்டிக்கென ஒதுக்கப்படவில்லை. நாம் கேட்டதும் இல்லை.

சிதம்பரத்திலிருந்து ஃபஜ்ரு தொழுதவுடன் புறப்படுங்கள். மேற்கே சென்றால் புவனகிரி. வெள்ளாற்றங்கரை ஊர். அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வரை வயல்களுக்கு நடுவே பாதை நீள்கிறது. தை மாதமானால் சம்பா அறுவடை. நெல்லைச் சாலையிலேயே காய வைத்திருப்பார்கள். அதன்மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கிச் செல்வது நம் கடமை. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இருபுறமும் கழிகளை நீட்டிக்கொண்டு வரும். அவற்றுக்கு வழிவிட்டு நின்றுவிடுங்கள். அவசரம் அவர்களுக்கு, நமக்கு இல்லை. வழியில் தேநீர்க் கடைக்காரர், "என்ன பாய், வண்டி கெட்டுப் போச்சா, சைக்கிள்ல வர்றீங்க?" என்று கேட்பார். நாற்பதைக் கடந்த ஒருவர் விரும்பியே மிதிவண்டி மிதிக்கிறார் என்பதை நம்ப நம் ஊரார்க்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே திரும்பிப் பூதங்குடியை அடைந்தால், மதகின் அருகே கண்ணெதிரே ஏரி. ஒரு நொடி கடலோ என ஐயுறச் செய்யும் நீர்ப்பரப்பு. அகலமான இடத்தில் எதிர்க்கரை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்பனியில் அக்கரை தெரிவதே இல்லை. நீர்க்காகம் மூங்கில் கழியின்மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். நாரைகள் கரையோரச் சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும். வலையை உதறும் மீனவரின் ஓசை நீர்மேல் வெகு தூரம் கேட்கும்.

இந்த ஏரியை வெட்டியவர்கள் சோழர்கள். கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகனின் சிறப்புப் பெயர் வீரநாராயணன். அப்பெயரால் வீரநாராயண ஏரி என வழங்கப்பட்டதே பின்னர் வீராணமாகச் சுருங்கியது. அவனுடைய மகன் இராசாதித்தன், எல்லையில் போரை எதிர்பார்த்துத் தங்கியிருந்த படைவீரர்களைச் சும்மா இருக்கவிடாமல் வெட்டச் செய்தான் என்று சொல்வார்கள். வாளெடுத்த கையில் மண்வெட்டி கொடுத்த அந்த மன்னர் மகனை எனக்குப் பிடித்திருக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் புதினமும் இந்தக் கரைமேல்தான், ஆடிப்பெருக்கு நாளில், குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அவன் குதிரையில் பார்த்ததை நீங்கள் மிதிவண்டியில் பார்க்கலாம். வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்!

வாசகர்களே, அழகோடு நின்றுவிட்டால் இந்த ஏரியைப் பாதி பார்த்தவர்கள் ஆவோம். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? கொள்ளிடத்தின் குறுக்கே 1836 இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் இங்கே வந்து சேருகிறது. மேற்கே அரியலூர், செயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்யும் மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக இறங்குகிறது. முழுக் கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி, முழு நீர்மட்டம் 47.5 அடி. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இதை நம்பியிருக்கிறது.

1960களின் இறுதியில் இந்நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டு, பாதியில் நின்றது. சாலையோரம் கிடந்த பெரிய சிமெண்டுக் குழாய்களில் ஏழைக் குடும்பங்கள் குடியிருந்ததை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். மறுபடியும் புதிய திட்டமாக 2004 இல் அது நிறைவேறியது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஏற்றி, வடக்குத்தில் சுத்திகரித்து, கடாம்புலியூர் மேட்டுக்கு அழுத்தித் தள்ளினால், அங்கிருந்து தன் எடையாலேயே சரிந்து சென்னை போரூர் வரை ஓடுகிறது. நாளொன்றுக்குப் 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு நள்ளிரவில் தெருவில் நின்றபோது, நம் வீராணத்துத் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

தண்ணீர் கொடுப்பது தருமங்களில் தலையாயது. மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தருமம் சிறந்தது என்று சஅது பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி தண்ணீர்தான். தாகித்தவன் சென்னையில் இருந்தால் என்ன, சேத்தியாத்தோப்பில் இருந்தால் என்ன? ஆனால் கரையில் நின்று கேட்டால் விவசாயி வேறொரு கணக்கைச் சொல்கிறார். ஓடைகள் மழையோடு மண்ணையும் கொண்டுவந்து ஏரியில் கொட்டுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த வண்டல் ஏரியின் வயிற்றை மேடாக்கியிருக்கிறது. தூர் வார வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுந்து, ஆண்டுதோறும் அடங்குகிறது. பெருமழையில் கொள்ள இடமின்றி, லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையிலும் பூதங்குடி மதகிலும் திறந்துவிட்டு, தாழ்ந்த ஊர்கள் மூழ்குகின்றன. பின்னர் கோடையில் கடைமடைக்குப் போதாமற் போகிறது. கொடுக்கிறவன் கை நிறைந்திருந்தால்தானே கொடுக்க முடியும்? ஓடும் ஆற்றின் கரையிலிருந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிமொழியை நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் பாடமாகச் சொல்லுகிறோம். அந்தப் பாடத்தைக் குழாயடியில் மட்டும் நடத்தினால் போதாது. இந்தக் கரைக்கு அழைத்து வந்து நடத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

கரைமேல் தெற்கு நோக்கி மிதியுங்கள். பாதை குறுகலானது. ஒருபக்கம் நீர், மறுபக்கம் சரிவு, கீழே வயல். எதிரே பேருந்து வந்தால் இறங்கி நிற்பதே நல்லது. பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் செல்லுங்கள். வாழைக்கொல்லை, கந்தகுமாரன் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ளுஹருக்கு முன்பாகவே லால்பேட்டையின் மினாராக்கள் தென்படும்.

லால்பேட்டையை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். 1862 ஆம் ஆண்டில் தோன்றிய ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 'மன்பவுல் அன்வார்' என்றால் ஒளிகளின் ஊற்று. இங்கு ஓதி முடித்தவர்கள் 'மன்பஈ' என்ற பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு தமிழகமெங்கும் பள்ளிவாசல்களில் இமாமாகவும் மதரஸாக்களில் ஆசிரியராகவும் பணிபுரிகிறார்கள். உங்கள் மஹல்லா இமாமின் பெயரைப் பாருங்கள், ஒருவேளை அவரும் இந்த ஏரிக்காற்றை உண்டு வளர்ந்தவராக இருக்கலாம். ஏரிக்கரையில் ஓர் ஊற்று என்று பெயரிட்டவர்களின் நுட்பத்தை எண்ணி நான் வியப்பதுண்டு.

ஊரைச் சுற்றிக் கொடிக்கால்கள். அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலைக்கொடியின் நிழலில் வெயில் தெரியாது. உரிமையாளரிடம் ஸலாம் சொல்லி அனுமதி கேட்டால் உள்ளே அழைத்துக் காட்டுவார். வெற்றிலைக்கு நாள்தோறும் ஈரம் வேண்டும், தேங்கிய நீரோ ஆகாது. ஏரி தவறினால் முதலில் வாடுவதும் ஏரி மிஞ்சினால் முதலில் அழுகுவதும் இந்தக் கொடிதான். வெளிநாட்டுப் பணம் வந்த பிறகு கொடிக்காலில் இறங்க இளைஞர் இல்லை என்று முதியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். குறை நியாயமானதே. ஆனாலும் ஐந்து பெண்மக்களைக் கரையேற்ற வேண்டிய தகப்பனிடம் கொடிக்காலை நம்பியிரு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இங்கே ஒரு மஸ்அலா. மிதிவண்டியில் களைத்து வந்திருக்கிறோம், பயணிதானே, கஸ்ர் செய்யலாமா என்று இளைஞர்கள் ஆவலோடு கேட்பார்கள். சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாக ஏரியைத் தழுவிக்கொண்டு திரும்பினால் முழுச்சுற்றும் எழுபது கிலோமீட்டருக்கு முன்பின்னாகவே வரும். போய்ச் சேரும் இடமோ நேர்வழியில் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். கஸ்ருக்குரிய தூரம் ஒருவழியாகவே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். எனவே நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழுதுவிட்டு நிதானமாக உணவருந்துங்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சற்றுக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியை நம் பெண்மக்களும் பெறுகிறார்கள். பள்ளி முடிந்ததும் அந்த வண்டி திண்ணையோரம் சாய்கிறது. பிறகு டயர் இளகி, சங்கிலி துருவேறி, பழைய இரும்புக்காரரிடம் போகிறது. கேட்டால் மார்க்கம் என்கிறார்கள். மார்க்கம் எங்கே தடுத்தது? ஒட்டகத்தில் ஏறிச் செல்லும் பெண்களில் குறைஷிப் பெண்கள் சிறந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் முறை அன்னையார் முந்தினார்கள், பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், முஸ்லிம் சகோதரியர் உட்பட, ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் ஆண்மகனை எதிர்பார்த்து நிற்கும் நிலை அவர்களுக்குக் குறைந்தது. கணவர் ரியாத்தில் இருக்க, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்ட ஆட்டோவுக்குக் காத்திருக்கும் தாயைப் பற்றி நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒருமுறை சிந்திக்கட்டும். ஒழுக்கமான உடையும் மஹ்ரமான துணையும் இருக்க, குடும்பமாக ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது மிதிவண்டி ஓட்டுவதில் என்ன குற்றம் வந்துவிடும்? மாற்றுக் கருத்துடைய ஆலிம் பெருமக்கள் எழுதினால் நன்றியோடு படிப்பேன்.

லால்பேட்டையை அடுத்துக் காட்டுமன்னார்கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துப் பறிமுதலைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு இங்குள்ள உடையார்குடிக் கோயிலில்தான் இருக்கிறது. அங்கிருந்து குமராட்சி வழியாகச் சிதம்பரம் திரும்பலாம். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து முகத்தில் மோதும். கடைசிப் பத்து கிலோமீட்டர் மிதிப்பது இருபதைப் போலத் தோன்றும். அஸருக்குப் பின் நேரத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாளில் கிழக்கே போகலாம். சிதம்பரத்திலிருந்து வடக்கே வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தால் பி. முட்லூர். கடலூர்ச் சாலை இப்போது நான்கு வழியாக அகன்றுவிட்டது. அதன் வேகம் மிதிவண்டிக்கு ஏற்றதன்று. எனவே விரைவில் கடந்து கிழக்கே பரங்கிப்பேட்டைச் சாலையில் இறங்கிவிடுங்கள். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த துறைமுகம் இது. பரங்கியர் வந்த பிறகு அவர்கள் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்களின் வீடுகளில் இன்றும் உயர்ந்த திண்ணைகளைக் காணலாம். 1781 ஜூலை முதல் நாளில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் இங்கே மோதின. வெற்றி ஆங்கிலேயருக்குப் போயிற்று. 1830 வாக்கில் ஹீத் என்பவர் சேலத்து இரும்புத்தாதைக் கொண்டுவந்து மரக்கரியால் உருக்கும் ஆலையை இதே ஊரில் நிறுவினார். காடுகளை விழுங்கிய அந்த உலை சில பத்தாண்டுகளில் அணைந்தது.

ஆனால் பரங்கிப்பேட்டையில் நான் மறவாமல் நினைவுகூர்வது 2004 டிசம்பர் 26. சுனாமி மீனவக் குப்பங்களை அடித்துச் சென்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, உடுத்த துணியும் அற்று ஓடிவந்த மக்களுக்கு இவ்வூர் இஸ்லாமிய ஐக்கிய ஜமாஅத் கதவுகளைத் திறந்தது. திருமண வீடுகளுக்காகச் சமைத்த உணவு அவர்களுக்குப் பரிமாறப்பட்டது. பிறகும் பல நாட்கள் அடுப்பு அணையவில்லை. சடலங்களைத் தூக்கவும் அடக்கவும் நம் இளைஞர்கள் முன்நின்றார்கள். யார் எந்த மதம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருக்களில் மிதிவண்டியை மெதுவாகச் செலுத்துங்கள்.

மூன்றாம் பாதை கிள்ளை வழியாகப் பிச்சாவரம் செல்வது. பதினைந்து கிலோமீட்டர்தான். கிள்ளையில் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வரும்போது தைக்கால் தர்காவில் இருந்து மரியாதை செய்யும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. நம்மவர் இதனைப் பலவாறாகக் கருதுவர். அதற்குள் நான் நுழையவில்லை. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் முகம் பார்த்துச் சிரிக்கும் ஊர் அது என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

பிச்சாவரத்தில் வண்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் படகில் ஏறவேண்டும். உப்பனாற்றின் நடுவே சுரபுன்னையும் வெண்கண்டலும் ஆயிரம் எக்டேருக்கு மேல் பரந்து நிற்கின்றன. 2022 இல் இவ்வீரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேர்கள் நீருக்கு மேலே வளைந்து கால் ஊன்றி நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் அதிகம் சேதமடையவில்லை. வெறும் மணல்திட்டில் கடலை நோக்கியிருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. அந்த வேர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் வந்தவரை நான் கண்டதில்லை.

எந்த மாதம் என்று கேட்பீர்கள். மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும் மார்கழிக் கடைசியும் தையும் மிக உகந்தவை. இவ்வாண்டுகளில் ரமழான் மாசியை ஒட்டி வருவதால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று சேத்தியாத்தோப்புப் பாதையில் ஆளையே பின்னுக்குத் தள்ளும். பிச்சாவரத்துக்கு மட்டும் எந்தக் காலமும் ஒத்துவரும். ளுஹருக்குப் பின் கரையேறித் திரும்பினால் கடற்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அதிகம் மிதிக்காமலேயே கிள்ளையைக் கடந்து, அஸர் ஜமாஅத்துக்குச் சிதம்பரம் லால்கான் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிடலாம்.